குன்றக் கூறலும் இயந்திரமும்

காலை ஆறே முக்கால் மணிக்கு ராஜகீழ்ப்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருப்பவர்களில் பாதிப்பேரின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், கேம்ப் ரோடு தாண்டிச் செம்பாக்கத்துக்கு முன்னால் இருக்கிற ஊர் இது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த செங்கல்பட்டுச் சீமையின் பழைய கிராமம். 2021ல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் இன்று அடங்கிவிட்டது. கம்பெனிப் பேருந்துகள் இங்கிருந்து கிழக்கே மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கும், மேற்கே 1984ல் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்துக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

எங்கள் தெருவில் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் மாலை நடையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை பசங்க பஸ்ஸேறிப் போறாங்களே, அங்க என்னதான் சார் வேலை?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த எளிய விடையைச் சொன்னேன். கடலுக்கு அப்பால் ஒருவர் தமக்கு இன்னின்னது வேண்டும் என்கிறார். அதை இயந்திரத்துக்குப் புரியும் பாஷையில் இவர்கள் எழுதித் தருகிறார்கள். பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "அதுக்கு எதுக்கு சார் நடுவுல இத்தனை பேர்? அவரே நேரா மெஷின்கிட்ட சொல்லிட்டுப் போகலாமே!" என்றார்.

அவர் அறியாமல் கேட்ட அந்தக் கேள்வி கணினித் துறையின் மிகப் பழைய கனவுகளில் ஒன்று. தேவையைச் சொன்னால் போதும், நிரலை இயந்திரமே எழுதிக்கொள்ளும் என்ற கனவு. எழுபது ஆண்டுகளாக அது ஏறக்குறைய நிறைவேறுவதும், நிறைவேறிய இடத்திலேயே கைநழுவிப் போவதுமாக இருக்கிறது. அந்தக் கதையில் இந்தியாவுக்கும், குறிப்பாகச் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். மொழி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே இந்தக் கதையின் மையம் என்பதால் இங்கே எழுதத் துணிகிறேன்.

*

கணினியின் தொடக்க நாட்களில் நிரல் என்பது எண்களின் நீண்ட பட்டியல். 1952 வாக்கில் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் அம்மையார், முன்பே எழுதிவைத்த துணைநிரல்களை நாடாவிலிருந்து எடுத்துத் தானே கோத்துத் தரும் 'ஏ-0' என்ற நிரலை உருவாக்கினார். நிரலை எழுத ஒரு நிரல் என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது. 1954 நவம்பரில் ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரான் மொழிக்கான முதல் அறிக்கையை வெளியிட்டது. இது வந்துவிட்டால் நிரல் எழுதும் வேலையும் பிழை களையும் வேலையும் அநேகமாக ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. 1957ல் ஃபோர்ட்ரான் வந்தது. எண்களைக் கோத்துக்கொண்டிருந்தவர்களின் வேலை குறைந்தது உண்மை. ஆனால் இயந்திரத்திடம் கேட்கக்கூடிய காரியங்கள் பல மடங்கு பெருகின. அவற்றை எழுத முன்னைவிட அதிகம் பேர் தேவைப்பட்டார்கள்.

இது பின்னர் ஒவ்வொரு தலைமுறையிலும் நடந்தது. 1985ல் டேவிட் பார்னஸ் என்ற கணினி அறிஞர் இதைச் சற்றுக் கசப்புடன் சுட்டிக்காட்டினார். தானியங்கி நிரலாக்கம் என்ற சொல், அந்தந்தக் காலத்தில் புழங்கும் மொழியைவிட ஒருபடி மேலான மொழியில் நிரல் எழுதுவதற்குச் சூட்டப்படும் அலங்காரப் பெயர் என்பது அவர் வாதம். ரீகன் அரசின் விண்வெளிப் பாதுகாப்புத் திட்டக் குழுவிலிருந்து விலகியபோது அவர் எழுதிய கட்டுரைகளில் ஒன்றில் இது வருகிறது. ஏவுகணைகளைத் தடுக்கும் மென்பொருளைத் தானியங்கி முறையில் எழுதிவிடலாம் என்று சொன்னவர்களுக்கு அவர் அளித்த பதில் அது.

நிரல் மொழியை மேலே உயர்த்துவது ஒரு வழி. மறுமுனையிலிருந்து, அதாவது தேவையிலிருந்து தொடங்குவது இன்னொரு வழி. 1968ல் டேனியல் டைக்ரோ என்பவர் ஐஎஸ்டிஓஎஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அது வளர்ந்தது. ஓர் அலுவலகத்துக்கு என்ன அறிக்கைகள் வேண்டும், அவற்றுக்கு என்ன தரவுகள் வேண்டும் என்பதை வரையறுக்கப்பட்ட ஒரு மொழியில் எழுதித் தந்தால், இயந்திரம் அதைப் படித்துச் சோதிக்கும். 'இந்த அறிக்கையைக் கேட்கிறீர்கள், அதற்கான தரவு எங்கிருந்தும் வரவில்லையே' என்று கேட்கும். 'இந்தத் தரவைச் சேகரிக்கிறீர்கள், யாரும் அதைப் பயன்படுத்தவில்லையே' என்றும் கேட்கும். அதன் பிறகு மென்பொருளையும் தானே கட்டித்தரும் என்பது திட்டத்தின் முழுக் கனவு. கேள்வி கேட்கும் பகுதிதான் உலகில் அதிகம் புழங்கியது.

1982ல் டொரோண்டோவில் கிரீன்ஸ்பான், மைலோபூலோஸ், போர்கிடா ஆகிய மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தச் சிக்கலின் வேரைத் தொட்டது. தேவை ஆவணத்தில் மென்பொருளைப் பற்றி மட்டும் எழுதினால் போதாது, அந்த மென்பொருள் வாழப்போகும் உலகத்தைப் பற்றிய அறிவையும் எழுத வேண்டும் என்றார்கள் அவர்கள். உதாரணமாக, 'நோயாளியை வார்டில் சேர்க்க வேண்டும்' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. நோயாளி ஒரு மனிதர், ஒரு மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு கட்டில்களில் படுத்திருக்க முடியாது, இறந்தவரை வார்டில் சேர்ப்பதில்லை என்பதெல்லாம் அந்த வாக்கியத்தில் இல்லை. படிப்பவர் மனிதராக இருந்தால் இவற்றைத் தாமே நிரப்பிக்கொள்வார். இயந்திரத்துக்கு ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும். பொருள்கள் என்னென்ன, அவற்றுக்கிடையே உறவுகள் என்னென்ன, அவற்றை ஆளும் விதிகள் என்னென்ன என்று எழுதிவைக்கும் இந்தக் காரியத்துக்கே அறிவு மாதிரி என்று பெயர்.

*

இந்தியாவுக்கு வருவோம். இங்கே கணினி என்பது அரிதான பண்டமாக இருந்த காலம் நெடுநாள் நீடித்தது. அந்நியச் செலாவணி கிடையாது. இயந்திரத்தை இறக்குமதி செய்ய அனுமதி பெறுவதற்குள் அது பழையதாகிவிடும். 1968ல் தொடங்கப்பட்ட டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துக்கு 1974ல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனத்திடமிருந்து ஒரு வேலை வந்தது. மருத்துவமனைக் கணக்குக்கான மென்பொருள் ஒன்றை, பரோஸின் ஒருவகைக் கணினியிலிருந்து வேறொரு வகைக் கணினிக்கு மாற்றித் தர வேண்டும். மும்பையில் அவர்களிடம் இருந்ததோ ஐசிஎல் 1903 என்ற மூன்றாவது வகை இயந்திரம். ஒரு மொழி வழக்கைப் படித்து இன்னொரு வழக்கில் எழுதித் தரும் ஒரு மாற்றுநிரலை அவர்கள் முதலில் எழுதினார்கள். அதைக்கொண்டு மென்பொருளை மாற்றினார்கள். இந்தியாவின் தொடக்ககால மென்பொருள் ஏற்றுமதிகளில் ஒன்று இப்படி நிரலை எழுதும் நிரலைக் கொண்டு நடந்தது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. கூலிக்குக் கோடு போட்டவர்கள் என்ற ஏளனமே நம் நினைவில் தங்கியிருக்கிறது.

1981ல் அதே நிறுவனம், எஃப்.சி. கோலியின் முயற்சியால், புனேயில் டாடா ஆராய்ச்சி வளர்ச்சி வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. பாஸ்கல் மொழிமாற்றியை உலகெங்கும் பரப்பிய சூரிச் குழுவில் பணியாற்றிய கேசவ் நோரி அங்கே வந்து சேர்ந்தார். மென்பொருளை ஒரு கைத்தொழிலாக அல்லாமல் கருவிகள் கொண்டு செய்யும் தொழிலாக மாற்றுவது அந்த மையத்தின் நோக்கங்களில் ஒன்று. 1988ல் ஐபிஎம் 3090 என்ற பெருங்கணினி சென்னைக்கு வந்தது. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மென்பொருளைக் குடிபெயர்க்கும் வேலைகளுக்குச் சென்னை பெயர்பெற்றது அதன் பிறகுதான். 2000ஆவது ஆண்டுப் பிழையைத் திருத்த உலகமே ஓடியபோது, கோடிக்கணக்கான வரிகளைக் கருவிகளில் இட்டு, ஆலைபோல வரிசை முறையில் திருத்தி அனுப்பிய இடங்களில் சென்னையும் ஒன்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடிபெயர்ப்பும் ஆண்டுப் பிழை திருத்தமும் ஏன் இயந்திரத்துக்கு வசப்பட்டன? ஏனெனில் அங்கே தேவை ஆவணம் முன்பே முழுமையாக எழுதப்பட்டிருந்தது. பழைய நிரலே அந்த ஆவணம். அது நல்லதோ கெட்டதோ, எதையும் சொல்லாமல் விடவில்லை. விட்டிருந்தால் அது ஓடியே இருக்காது. மனிதன் வாய்திறந்து சொல்லும் தேவையோ வேறு ஜாதி.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் இடத்தைப் புனே மையத்தின் ஆய்வாளர்கள் கண்டார்கள். தொண்ணூறுகளில் வினய் குல்கர்ணி, ஸ்ரீதர் ரெட்டி முதலியோர் வளர்த்தெடுத்த 'மாஸ்டர்கிராஃப்ட்' என்ற கருவி அதன் விளைவு. வங்கியோ காப்பீடோ, அந்தத் தொழிலின் பொருள்கள், உறவுகள், திரைகள், வினாக்கள் ஆகியவற்றை மனிதர்கள் மாதிரியாக வரைந்து ஒரு களஞ்சியத்தில் சேர்ப்பார்கள். எந்தக் கணினி, எந்தத் தரவுத்தளம், எந்த மொழி என்பதை அதிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைப்பார்கள். இரண்டையும் சேர்த்து நிரலைப் பிறப்பிப்பது கருவியின் வேலை. தொழில்நுட்பம் மாறினால் மாதிரியைத் தொட வேண்டாம், மறுபடி பிறப்பித்துக்கொள்ளலாம். இதே எண்ணத்தை ஓஎம்ஜி என்ற சர்வதேசத் தர அமைப்பு 2001ல் தன் கொள்கையாக அறிவித்தது. ஒரு மாதிரியிலிருந்து இன்னொரு மாதிரிக்கு மாற்றுவதற்கான மொழியைத் தரப்படுத்த அந்த அமைப்பு 2002ல் முன்மொழிவுகள் கேட்டபோது, விடையளித்த கூட்டணி ஒன்றில் லண்டன், யார்க் பல்கலைக்கழகத்தாரோடு இந்த இந்திய நிறுவனமும் இருந்தது.

*

இன்னொரு கிளையும் உண்டு. 1982ல் ஜப்பான் 'ஐந்தாம் தலைமுறைக் கணினி' என்ற பெருந்திட்டத்தை அறிவித்து, சிந்திக்கும் இயந்திரத்தைப் பத்தாண்டில் கட்டப்போவதாகச் சொன்னது. உலகம் பதறியது. 1986ல் நமது மத்திய அரசின் மின்னணுவியல் துறையும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் அறிவுசார் கணினி அமைப்புகளுக்கான திட்டத்தைத் தொடங்கியது. நாட்டின் பல ஆய்வு நிறுவனங்களுக்கு ஒவ்வொரு துறை ஒதுக்கப்பட்டது. சென்னை ஐஐடிக்குக் கிடைத்தது வல்லுநர் அமைப்புகள். அனுபவசாலி ஒருவரின் அறிவை விதிகளாக எழுதி இயந்திரத்தில் ஏற்றும் துறை.

இந்தச் சிந்தனைகளுக்கு இந்தியாவில் தளம் அமைத்தவர்களில் முதன்மையானவர் ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர். மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் 1960ல் முழுமையாக இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினியை உருவாக்கிய குழுவின் தலைவர். கணினியைக் கட்டியவர் பிற்காலத்தில் முழுமூச்சாக ஆராய்ந்தது மொழியை: குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது, வாய்மொழி மரபுக்கும் எழுத்தறிவுக்கும் என்ன உறவு என்பன போன்ற கேள்விகளை. எழுதப்பட்ட விதியை மட்டும் வைத்துக்கொண்டு மனித மொழியைப் புரிந்துகொள்ள முடியாது, அது நடத்தையோடு பின்னிக் கிடக்கிறது என்ற திசையில் அவர் சென்றார். 2007ல் அவர் மறைந்தபோது நம் சிற்றிதழ் உலகம் அதைக் கவனித்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

இதே காலத்தில்தான் சம்ஸ்கிருதம் பற்றிய அந்தப் பிரசித்தி பெற்ற வதந்தியும் பிறந்தது. 1985ல் நாசாவின் ஏம்ஸ் மையத்தோடு தொடர்புடைய ரிக் பிரிக்ஸ் என்பவர் 'ஏஐ மேகசின்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சம்ஸ்கிருத இலக்கண ஆசிரியர்கள் ஒரு வாக்கியத்தை வினை, அதைச் செய்பவர், செயப்படுபொருள், கருவி என்று பிரித்துப் பொருள் சொல்லும் முறை, செயற்கை நுண்ணறிவுத் துறையினர் அறிவை வலைபோல வரையும் முறையோடு ஒத்திருக்கிறது என்பதே அதன் சாரம். சுவையான ஒப்புமை. ஆனால் 'கணினிக்கு உகந்த மொழி சம்ஸ்கிருதம் என்று நாசா சொல்லிவிட்டது' என்று அது நாடெங்கும் உருமாறி உலவியது; இன்றும் உலவுகிறது. நாசா அப்படி அறிவிக்கவும் இல்லை, அம்மொழியில் யாரும் நிரல் எழுதவும் இல்லை. இதைவிடத் திடமான தொடர்பு 1967ல் சுட்டப்பட்டது. நிரல் மொழிகளின் இலக்கணத்தை எழுத பேக்கஸ் கண்ட குறியீட்டு முறைக்கு நிகரானதைப் பாணினி முன்பே கையாண்டிருப்பதால் அதைப் பாணினி-பேக்கஸ் வடிவம் என்று அழைக்கலாம் என்று இங்கர்மன் என்பவர் கணினி இதழொன்றுக்குக் கடிதம் எழுதினார்.

தமிழிலும் இதற்கு இணை உண்டு. ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டியவற்றைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் எட்டாக வகுக்கிறது. வினை, அதைச் செய்பவர், செய்யப்படும் பொருள், இடம், காலம், கருவி, யாருக்கு, என்ன பயனுக்கு என்று அவற்றை எளிமையாகச் சொல்லலாம். தேவை ஆவணம் எழுதப் பழகும் இளைஞருக்கு இந்த எட்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். நம் ஆவணங்களில் செயப்பாட்டு வினை தாண்டவமாடும். 'பணம் திருப்பி அளிக்கப்படும்' என்று எழுதிவிடுவார்கள். யார் அளிப்பது, யாருக்கு, எப்போது, எதன் மூலம் என்ற நான்கும் காணாமல் போயிருக்கும்.

*

நம் முன்னோர் கணினியைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எழுதியவர் அருகில் இல்லாதபோதும் படிப்பவர் பிழையின்றிச் செய்துமுடிக்கும்படி எழுதுவது எப்படி என்ற கேள்வி கணினியைவிட மிகப் பழையது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

தாம்பரத்திலிருந்து அதிக தூரமில்லாத உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதற்கான விதிகள் அவை. முதலாவது 919ல் வெட்டப்பட்டது, இரண்டாவது 921ல். இரண்டே ஆண்டுகளில் ஏன் மறுபடி எழுத வேண்டி வந்தது? முதல் கல்வெட்டில் வயது முப்பதிலிருந்து அறுபது வரை என்றிருந்தது. இரண்டாவதில் முப்பத்தைந்திலிருந்து எழுபது வரை என்று மாறியது. கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது என்பதோடு நில்லாமல், அவருடைய உறவினர்களில் இன்னின்னார் நிற்கக்கூடாது என்று இரண்டாவது கல்வெட்டு பட்டியலிட்டுச் செல்கிறது. ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பது யார், அதை எப்படிப் படித்துக் காட்டுவது என்பதுவரை விவரிக்கிறது. படிக்கும்போதே தெரிகிறது: அந்த இரண்டு ஆண்டுகளில் யாரோ, எப்படியோ, முதல் விதியில் சொல்லாமல் விட்ட சந்து ஒன்றில் புகுந்திருக்கிறார்கள். தேவை ஆவணத்தின் இரண்டாம் பதிப்பைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிற ஊர் அது.

அடுத்து நன்னூல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்த நூலின் பாயிரப் பகுதி, ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. தொல்காப்பிய மரபியலிலேயே இதற்கு முன்வடிவம் உண்டு. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்ததுதான். 1985 ஜனவரியில் பெர்ட்ரண்ட் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞர் மென்பொருள் தேவை எழுதுவோரின் ஏழு பாவங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட திகைப்பை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அவர் மௌனம் என்பது நம் குன்றக் கூறல். அவர் முரண் என்பது மாறுகொளக் கூறல். இருபொருள்படுதல் என்பது மயங்க வைத்தல். இரைச்சல் என்பதற்குள் மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் மற்றொன்று விரித்தலும் அடங்கிவிடுகின்றன.

ஒப்புமை முழுமையானதல்ல. என்ன வேண்டும் என்று கேட்டால் எப்படிச் செய்வது என்று எழுதிவைக்கும் குற்றமும், சோதித்துப் பார்க்கவே முடியாத ஆசைகளை எழுதும் குற்றமும் மேயருக்கே உரியவை. சென்று தேய்ந்து இறுதல் என்ற அழகான குற்றம், அதாவது ஆரவாரமாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிவது, நமக்கே உரியது. நான் பார்த்த தேவை ஆவணங்களில் பெரும்பான்மை இந்தக் குற்றத்துக்கு உட்பட்டவை. முதல் அத்தியாயத்தில் வங்கியின் தொலைநோக்கு பத்துப் பக்கம். கடைசி அத்தியாயத்தில் வட்டிக் கணக்கு அரைப் பக்கம்.

மேயரின் கட்டுரையில் உள்ள கதை இன்னும் சுவையானது. சொற்களை வரிகளாகப் பிரித்து அடுக்கும் ஒரு மிகச் சிறிய நிரலுக்கான தேவையை 1969ல் பீட்டர் நவுர் சில வரிகளில் எழுதியிருந்தார். குடினஃப், கெர்ஹார்ட் என்ற இருவர் அதில் குற்றங்கள் கண்டு, மிக நீளமான, மிகக் கவனமான ஒரு வடிவத்தை எழுதினார்கள். அந்தக் கவனமான வடிவத்திலும் ஏழு பாவங்களும் மலிந்து கிடப்பதை மேயர் காட்டினார். எழுதியவர்கள் சாமானியர்கள் அல்லர்; பிழையைப் பற்றியே ஆராய்ந்தவர்கள். சில வரி நிரலுக்கே இந்தக் கதி.

*

என் அனுபவம் ஒன்று. தொண்ணூறுகளின் இறுதியில் நான் வேலைசெய்த நிறுவனம், பெயர் வேண்டாம், ஒரு வங்கிக்கான வைப்புநிதி மென்பொருளை மாதிரியிலிருந்து பிறப்பிக்கும் முறையில் செய்துகொண்டிருந்தது. கணக்கு, வாடிக்கையாளர், தவணை, முதிர்வுத் தேதி என்று பெட்டிகள் வரைந்து கோடுகளால் இணைத்திருந்தோம். கூட்டு வைப்பில் 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்று ஒரு வகை உண்டு. இருவரில் யார் வந்தாலும் பணம் தரலாம் என்று விதி எழுதினோம். கருவி அழகாக நிரலைப் பிறப்பித்தது. சோதனைகள் எல்லாம் தேறின.

ஒத்திகையின்போது ஒருவர் கேட்டார்: இருவரில் ஒருவர் முதிர்வுத் தேதிக்கு முன்பே இறந்துவிட்டார், மற்றவர் வந்து வைப்பை இப்போதே முடித்துப் பணம் கேட்கிறார், என்ன செய்யும் உங்கள் நிரல்? பணத்தைக் கொடுத்துவிடும் என்று பார்த்தோம். அது சரியா? ஆவணத்தில் விடையில்லை. ஆவணம் எழுதியவர்களுக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை.

அன்று மாலை ராஜகீழ்ப்பாக்கம் ஏரிப்பக்கம் நடந்துகொண்டிருந்தபோது நம் பெரியவரிடம் இதைக் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. "முதிர்வு தேதியில வந்தா உயிரோட இருக்கறவங்களுக்குக் கொடுக்கலாம் சார். முன்னாடியே கேட்டா இறந்தவரோட வாரிசுங்க கையெழுத்தும் வாங்கணும். நாங்க அப்படித்தான் செய்வோம்" என்றார். பிறகு சிறிது தூரம் பேசாமல் வந்தார். "ஆனா ஒண்ணு. புருஷன் போய் மூணு நாள் ஆன அம்மா கவுண்டர்ல வந்து நிப்பாங்க. காரியத்துக்குக் கையில காசு இருக்காது. விதியைச் சொல்லி அனுப்பிட முடியுமா? நாங்க ஸ்டாஃப் நாலு பேர் சேர்ந்து கையில இருக்கறதைக் கொடுத்து அனுப்பியிருக்கோம். திரும்பி வராம போனதில்ல" என்றார்.

மறுநாள் மாதிரியில் ஒரு விதியைச் சேர்த்தோம். பின்னாளில், வைப்புதாரர்கள் இருவரும் முன்கூட்டியே சேர்ந்து எழுதிக் கொடுத்திருந்தால் வாரிசுகளின் சம்மதமின்றியும் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கியே வழிவிட்டது. அந்த மென்பொருள் அப்போது புழக்கத்தில் இருந்திருந்தால் விதி மறுபடி மாறியிருக்கும். உத்திரமேரூர்க் கல்வெட்டின் கதைதான். ஆனால் பெரியவர் சொன்ன இரண்டாம் பகுதியை எந்தப் பெட்டியில் வரைவது என்று எனக்குத் தெரியவில்லை. 'கிளை மேலாளரின் முடிவுக்கு' என்று ஒரு பொத்தானை மட்டும் திரையில் வைக்கச் சொன்னேன். தேவையில்லாத பொத்தான் என்று முதலில் ஆட்சேபம் எழுந்தது. வாதாடி வைத்தேன். என் பதினைந்தாண்டு மென்பொருள் வாழ்க்கையில் நான் பெருமைப்படும் சில காரியங்களில் அது ஒன்று.

*

ஃப்ரெட் புரூக்ஸ் 1986ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை மென்பொருளின் கஷ்டங்களை இரண்டாகப் பிரித்தது. ஒன்று, கருவியின் குறையால் வரும் கஷ்டம். நல்ல கருவி வந்தால் அது தீரும். மற்றொன்று, காரியத்தின் இயல்பிலேயே இருக்கும் கஷ்டம். எதைக் கட்டுவது என்று துல்லியமாக முடிவு செய்வது அதில் மிகக் கடினமானது. முதல்வகைக் கஷ்டத்தில் பெரும்பகுதி நம் கண்முன்னே கரைந்துகொண்டிருக்கிறது. 2021ல் நிரலை ஊகித்து எழுதும் துணைக்கருவிகளும், 2022 நவம்பரில் சாட்ஜிபிடியும் வந்தன. இன்று ஆங்கிலத்திலோ தமிழிலோ வேண்டியதைச் சொன்னால் சில நிமிடங்களில் நிரல் வந்து விழுகிறது. முன்னாளைய மாதிரிகளைப்போல் இங்கே யாரும் பெட்டிகளும் கோடுகளும் வரைந்து கொடுக்கவில்லை. மனிதர்கள் எழுதிக் குவித்த கோடானுகோடி வரிகளிலிருந்து அது தானே கற்றுக்கொண்டது.

பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதா? பாதி கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். நேராக இயந்திரத்திடம் சொல்லலாம். காலையில் அந்த நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளைகளின் முகங்களில் இதன் நிழல் விழுந்திருப்பதை மறைக்க முடியாது. எழுதித் தருவதற்கு மட்டுமே அமர்த்தப்பட்டவர்களின் வேலை மெலிகிறது. அதை நயமாகச் சொல்லிப் பயனில்லை. குரோம்பேட்டை எம்ஐடியிலும் சேலையூர்க் கல்லூரிகளிலும் படித்துவிட்டு வரும் அடுத்த தலைமுறைக்கு, முந்தைய தலைமுறை ஏறிய படி இருக்குமா என்பது உண்மையான கவலை.

ஆனால் பழைய கருவிக்கும் புதிய கருவிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அது என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. மிச்சிகனின் அந்தப் பழைய கருவி, சொல்லாமல் விட்டதைக் கண்டால் நின்று, கேள்வி கேட்டது. புனேயின் கருவியில் மாதிரி முழுமையாக இல்லாவிட்டால் அதற்குரிய நிரல் பிறக்காது. பிறப்பது தவறாக இருந்தால் எந்தப் பெட்டியில் தவறு என்று காட்டலாம். இன்றைய கருவியோ பெரும்பாலும் நிற்பதில்லை. நாம் விட்டதைத் தானே நிரப்பிக்கொள்கிறது, பெரும்பாலும் நன்றாகவே. உலகத்தில் பெரும்பாலோர் எப்படிச் செய்திருக்கிறார்களோ அப்படி நிரப்புகிறது. நிரப்பியது எது, நாம் சொன்னது எது என்று பிரித்தறிவது கடினம். குன்றக் கூறல் என்ற குற்றம் மறையவில்லை. அது கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. கணவனை இழந்த அந்த அம்மாவுக்கு இயந்திரம் என்ன விடை சொல்லும் என்பதை, யாராவது முன்கூட்டியே நினைத்துக் கேட்டால்தான் தெரியும்.

அந்தக் கேள்வியைக் கேட்பவர் இனி யார் என்பதே நடுவில் நிற்கும் மனிதரின் எதிர்காலம். நிரல் எழுதத் தெரிந்தவரைவிட, ஒரு வாக்கியத்தில் எது விடுபட்டிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவர் அதற்குத் தேவைப்படுவார். நல்ல உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவந்த வேலை அது. சூத்திரத்தில் இல்லாததை ஊகித்து, ஊகித்தேன் என்பதையும் சொல்லி, ஏன் என்பதையும் எழுதிவைத்தார்கள் அவர்கள். பின்னால் வந்தவர்கள் மறுப்பதற்கு இடமிருந்தது.

பெரியவர் இப்போது இல்லை. அவர் வேலைபார்த்த கிளையில் இன்று கவுண்டர்கள் குறைந்துவிட்டன. அநேக காரியங்கள் கைபேசியிலேயே முடிகின்றன. போன மாதம் ஒரு வேலையாக அங்கே போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற வயதான பெண்மணியிடம் எழுத்தர் திரையைப் பார்த்துக்கொண்டே, "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதும்மா" என்றார். பிறகு எழுந்து மேலாளர் அறைக்குள் போனார். சில நிமிடங்கள் கழித்துத் திரும்பி வந்து, "இருங்க, வேற வழி இருக்கான்னு பாக்கறேன்" என்று சொல்லி மறுபடி உட்கார்ந்தார்.

என் முறை வரும்வரை அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.